சிங்கப்பூர் வேண்டாம் என்ற கீரை

"கீரை மண்ணுலதான் முளைக்குதுன்னு சொல்லிக் குடுக்கவா டீச்சர் யூனிவர்சிட்டி வரைக்கும் போனீங்க?"

மேரி அக்கா இதைக் கேட்டபோது அவர் கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை இருந்தது. உறையவைத்த கேரட், பட்டாணி, சோளம் மூன்றும் கலந்தது. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி மீ கோரெங் நூடுல்ஸ் சட்டியில் கொட்டினார். கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் ஒரு சத்தம்.

எங்கள் பள்ளியின் சிற்றுண்டிச்சாலையை நடத்துபவர் மேரி அக்கா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் முதல் குரல். மற்ற நாட்களில் அதே குரலில், "வரிசையா நில்லுங்கடா!" என்பார். நூறடி தள்ளியிருக்கும் செம்பனை மரங்கள்கூட வரிசையாக நிற்கும்.

அக்கா கேள்வி கேட்ட அதே நேரத்தில் பள்ளிக் கேட்டைக் கடந்து ஒரு லாரி போனது. வலைக்கு அடியில் பெட்டி பெட்டியாகப் பச்சை. லிம் அங்கிளின் தோட்டத்துக் கீரை. எங்கள் வேலிக்கு மறுபக்கம் விளைந்தது. அது எல்லை தாண்டித் தெற்கே சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அக்காவின் சட்டியில் விழுந்த பட்டாணி எந்த நாட்டில் விளைந்தது என்று பையைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து மிகச் சிறியது. நாடு மிகத் தொலைவு என்பது மட்டும் தெரிந்தது.

"அக்கா, அந்த லாரியில போற கீரைய நம்ம பிள்ளைங்க சாப்பிட முடியாதா?"

"அலமாக்! அது எக்ஸ்போர்ட்லா டீச்சர்" என்றார் மேரி அக்கா, நான் ஏதோ அரண்மனை விருந்துக்கு இடம் கேட்டதுபோல.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது

கூலாயிலிருந்து பண்டார் தெங்காரா போகும் சாலையில் எங்கள் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. மூன்று பக்கம் செம்பனை, நான்காம் பக்கம் லிம் அங்கிளின் காய்கறித் தோட்டம். இப்படிப்பட்ட இடத்தில் படிக்கும் பிள்ளைகளிடம்தான் ஒருநாள், "நீங்கள் சாப்பிடுவது எங்கிருந்து வருகிறது?" என்று எழுதச் சொன்னேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு.

எண்ணெய் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து வருகிறது என்று வகுப்பே எழுதியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகச் செம்பனை எண்ணெய் ஆலையின் வாடை உள்ளே வந்தது. கீரை குளிர்ப்பெட்டியிலிருந்து வருகிறது. சோறு அம்மாவிடமிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அதற்கு மட்டும் தவறு போட மனம் வரவில்லை.

வகுப்புச் சுவரில் சத்துணவுப் படம் ஒன்று தொங்கியது. அதில் புரோக்கோலி, சால்மன் மீன், ஸ்ட்ராபெரி. புரோக்கோலியை ‘குட்டி மரம்’ என்றார்கள். ஸ்ட்ராபெரி மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பற்பசையில் பார்த்திருக்கிறார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. அந்த வயதில் நானும் ‘என் காலை உணவு’ என்று கட்டுரை எழுதியிருக்கிறேன். ரொட்டி, வெண்ணெய், பாதி வெந்த முட்டை, மைலோ. உண்மையில் அன்று காலை சாப்பிட்டது முதல்நாள் சோறும், எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் பறித்த கீரையும்தான். ஆசிரியர் ‘மிக நன்று’ போட்டு வகுப்பில் வாசிக்கச் சொன்னார். எனக்குப் பிறகு வாசித்த அத்தனை பேரும் ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டிருந்தார்கள். அன்று காலை எஸ்டேட் முழுவதும் ரொட்டி சாப்பிட்டது, காகிதத்தில்.

வாத்து கோபித்துக்கொள்ளாது

லிம் அங்கிளைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் ஈரத் துண்டு. என்னிடம் மலாயில்தான் பேசுவார். ஆசிரியை என்பதால் நான் அவருக்குச் சிக்கு.

அவருடைய கொட்டகையில் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து தண்டுக்கீரையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டையில்லாத கட்டு பெட்டிக்குள் போனது. இலையில் ஓர் ஓட்டை இருந்தாலும் அது பின்னால் இருந்த கூடைக்குப் போனது. அங்கே யாரும் கீரையை மோந்து பார்க்கவில்லை, கிள்ளிப் பார்க்கவில்லை. ஓட்டை இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

"அந்தக் கூடை எங்க போகுது அங்கிள்?"

"வாத்துக்கு. வேணும்னா எடுத்துக்கோ சிக்கு. வாத்து கோவிச்சுக்காது."

இப்படித்தான் வாரம் இரண்டு கூடை கீரை எங்கள் கேட்டுக்குள் வந்தது. மேரி அக்கா முதல் கட்டைப் பிரித்து, ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். பட்டென்று ஒடிந்தது. "கேமரன் மலையிலேருந்து வர்றது இப்படி ஒடியாதுலா" என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். பூண்டும் நெத்திலியும் போட்டுப் பிரட்டினார். பத்து நாள் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். யாரும் பாராட்டவில்லை, யாரும் புகார் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் வெற்றி.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் என் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டாமல் படிக்கிற முதல் ஆளும் நான். எழுதத் தெரிந்தவள் எழுதாமல் இருப்பாளா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்கு பத்தியில் ஓர் அறிக்கை எழுதினேன். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: "ஏற்றுமதித் தரத்தை எட்டாததால் ஒதுக்கப்படும் கீரைகள், இனி நம் பிள்ளைகளின் தட்டுகளை அலங்கரிக்கும்." மூன்று முறை படித்துப் பார்த்து அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. தர்ஷினி, ஹரிணி என்ற இரண்டு மாணவிகளின் அப்பா, சேகர் அண்ணன். சிங்கப்பூரில் வேலை. பின்னணியில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டே பேசியிருக்கிறார்.

"டீச்சர், ஒதுக்கினதுன்னா என்னா? சிங்கப்பூர்க்காரன் வேணாம்னு தூக்கிப் போட்டத எங்க பிள்ளைங்க திங்கணுமா? எங்க பிள்ளைங்க என்ன குப்பைத் தொட்டியா?"

அதன்பின் குழுவில் கோபத்தில் சிவந்த எமோஜி முகங்களாக வந்து விழுந்தன. ஓர் அம்மா, "வாத்துக்குப் போடறதாமே?" என்று எழுதியிருந்தார்.

ஆமாம். வாத்து விஷயத்தையும் எழுதியிருந்தேன். மூன்றாம் பத்தியில்.

மறுநாள் சேகர் அண்ணன் வேலைக்குப் போகாமல் நேரே தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். கீரை நிற்காவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் சீனப்பள்ளிக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் பெரிய பள்ளி என்றால் இரண்டு பிள்ளைகள் போவது ஒரு மிரட்டலே இல்லை. எங்கள் பள்ளி அப்படியல்ல. காலைக் கூட்டத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் நின்றாலும் திடலில் பாதி காலியாக இருக்கும். இரண்டு பேர் போனால் அவர்களோடு வேனில் வருகிற மற்றவர்களும் போவார்கள்.

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். அவர் கோபப்படுவதைவிட மோசம் அது.

"அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அவங்க சரின்னு சொன்னா கீரை வரட்டும். இல்லன்னா அந்தக் கூடை இந்தக் கேட்டுக்குள்ள வரக்கூடாது. அதுவரைக்கும் வாத்து சாப்பிடட்டும்."

அம்மாவின் கட்சி

வீட்டில் ஆதரவு கிடைக்கும் என்று நினைத்தேன். நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் அம்மாவைத் தெரியும். எஸ்டேட்டில் மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து களைக்கு மருந்து அடித்தவர். பெயரைக் கையெழுத்துப் போட என்னிடம்தான் கற்றுக்கொண்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த சேகர் சொல்றதுதான் சரி" என்றார்.

"அம்மா, பூச்சி கடிச்சா சத்து போயிடாதும்மா. நாம தின்னதே அந்தக் கீரைதானே?"

"அதான் சொல்றேன். பூச்சி தின்ன மிச்சத்தத்தான் நான் தின்னேன். நீ அதத் திங்கக்கூடாதுன்னுதானே படிக்க வச்சேன்? நீ என்னடான்னா படிச்சு முடிச்சிட்டு வந்து, ஊர்ப் பிள்ளைங்க தட்டுல அதையே வக்கிற."

என்னிடம் பட்டம் இருந்தது. கதவைச் சற்றுச் சத்தமாகச் சாத்திக்கொண்டு போய், கூட்டத்துக்குப் படக்காட்சி தயாரித்தேன். பதினான்கு ஸ்லைடு. இரும்புச்சத்துக்கு மட்டும் மூன்று.

ஐந்தாம் ஸ்லைடு

கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். சண்டை நடக்கும் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் நாற்காலி போதாது.

நான்காவது ஸ்லைடு வரை பொறுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது ஸ்லைடில் ஓட்டை விழுந்த ஓர் இலையைப் பெரிதாக்கிப் போட்டிருந்தேன். என் தர்க்கத்தின் உச்சம் அது. திரை அளவுக்குப் பெரிதாகிய ஓட்டையைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒருவர், "யானை கடிச்சதா டீச்சர்?" என்றார்.

சேகர் அண்ணன் எழுந்தார். "டீச்சர், சத்து இருக்கு, இல்ல, அதப் பத்தி நான் பேசல. அங்க வேணாம்னு கழிச்சது இங்க ஏன் வருது? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"அண்ணே, ஒரு சின்ன ஓட்டைக்காக ஒரு கட்டையே கழிக்கிறாங்க. அது தப்பு இல்லையா? சிங்கப்பூர்ல யாரோ ஒருத்தர் உக்காந்துகிட்டு..."

"அந்த யாரோ இவருதான் டீச்சர்" என்றார் சேகர் அண்ணனின் மனைவி வள்ளி அக்கா. "இவரு வேலையே அதுதான். அங்க கிடங்குல கீரை கழிக்கற வேலை."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

சேகர் அண்ணன் சிரிக்கவில்லை. "ஆமா. நான்தான் கழிக்கிறேன்" என்றார். "ஒரு ஓட்டை இருந்தா எடுத்துப் போடணும். போடலன்னா சூப்பர்வைசர் என்னை எடுத்துப் போட்டுருவான். தினமும் பாலத்துல ரெண்டு மணி நேரம் நின்னு போயி அதத்தான் பண்றேன். ஏன் பண்றேன்? என் பிள்ளைங்களுக்கு நல்லதா வாங்கிக் குடுக்க. நான் அங்க கழிக்கிறதே இங்க என் பிள்ளைங்க தட்டுக்கு வருதுன்னா, நான் எதுக்கு டீச்சர் அங்க போறேன்?"

மீதி ஒன்பது ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை. சில நாளைக்கு முன் என் வீட்டில் நான் கதவைச் சாத்தியதும் இதே கேள்வியின் மேல்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

கணினியை மூடினேன்.

"அண்ணே, அவங்க கழிக்கறதுக்கு முன்னாடியே நம்ம எடுத்துட்டா?"

"முன்னாடின்னா?"

"தோட்டத்துல. தரம் பிரிக்கறதுக்கு முன்னாடி. நம்ம பிள்ளைங்களே போயி முதல்ல பறிப்பாங்க. நம்ம எடுத்தது போக மிச்சம்தான் சிங்கப்பூருக்கு. ஓசி வேணாம், மேரி அக்கா காசு குடுத்து வாங்குவாங்க."

"மிச்சம் சிங்கப்பூருக்கா?" என்று கேட்டார் சேகர் அண்ணன். வாயில் ஏதோ இனிப்பை வைத்துப் பார்ப்பவர்போல இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். "அது வேறலா."

அதே வேலி, அதே தோட்டம், அதே கீரை. வரிசை மட்டும்தான் மாறியது. கைகள் எல்லாம் உயர்ந்தன. தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை சேர்த்தார். பிள்ளைகள் கைவைக்கப் போகும் பாத்தியில் ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கக்கூடாது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நிபந்தனைக்கு என்ன பொருள் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

லிம் அங்கிள் தண்ணீர்க்குழாயைக் கீழே வைத்தார்

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரரிடம்.

"முதல் தரத்துக்கு ஆள் இருக்கு சிக்கு. பெட்டி குறைஞ்சா அங்க கத்துவான். மானா போலே?" என்றார். எப்படி முடியும் என்று கேட்டுவிட்டுப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

நடந்ததை அவர் முதுகிடம் சொன்னேன். கூட்டம், சேகர் அண்ணன், அவர் வேலை செய்யும் கிடங்கு. கிடங்கின் பெயரைக் கேட்டதும் லிம் அங்கிள் நின்றார். குழாயைக் கீழே வைத்தார். தண்ணீர் அவர் பூட்ஸ் மேலேயே ஓடியது.

"அந்த ஆளா? என் பெட்டியத் திருப்பித் திருப்பி அனுப்பறவன், இந்த ஊரா?"

"பக்கத்துத் தாமான் குடியிருப்பு அங்கிள்."

"ஒரு பாத்தி தர்றேன். மருந்து அடிக்கல. ஆனா பறிக்கற அன்னிக்கு அவன் வரணும். என் முன்னாடி நின்னு என் கீரையைப் பாக்கணும்."

சேகர் அண்ணனிடம் சொன்னபோது, "நான் ஏன் வரணும்? எனக்கு வேலை இருக்கு" என்றார்.

"வருவாரு டீச்சர்" என்றார் வள்ளி அக்கா.

ஓட்டையை யார் தின்பது?

விதைத்தது பிள்ளைகள். மணலோடு கலந்து தூவ வேண்டும் என்று லிம் அங்கிள் காட்டினார். கோழி எரு நாற்றத்துக்கு முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பிடிக்கவில்லை. தினமும் ஓய்வு நேரத்தில் வேலிக்கு அருகே நின்று பாத்தியை எட்டிப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் கீரை முழங்கால் உயரத்துக்கு வந்தது.

பூச்சிகளும் வந்தன. சுற்றிலும் மருந்து அடித்த பாத்திகள், நடுவில் மருந்தில்லாத ஒரே பாத்தி. அந்த வட்டாரத்துப் புழுக்கள் எல்லாம் எங்கள் பள்ளியில் சேர்ந்துவிட்டன. எங்கள் மாணவர் எண்ணிக்கை அப்படி உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பறிக்கும் வியாழக்கிழமை காலை பாத்தியைப் போய்ப் பார்த்தேன். வாத்துக் கூடையில் வந்த இலைகளில் ஒன்றிரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. இவற்றில் ஓட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் இலை இருந்தது.

சேகர் அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். லிம் அங்கிளும் அவரும் கை குலுக்கவில்லை. லிம் அங்கிள் பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு கட்டைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது போகுமா, போகாதா?"

சேகர் அண்ணன் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "போகாது."

"ஏன்?"

"இங்க ஓட்டை."

"ஓட்டையை யாரு திங்கப் போறா? இலையத்தான் திங்கறாங்க!"

"அங்கிள், எனக்குத் தெரியாதா? சூப்பர்வைசர்கிட்ட நீங்க வந்து சொல்லுங்க."

"கூட்டிட்டு வா. சொல்றேன்."

இருவரும் மலாயில் கத்திக்கொண்டார்கள். நடுநடுவே இருவரும் சேர்ந்தே அந்தச் சூப்பர்வைசரைத் திட்டினார்கள். அங்கே ஏதோ ஒரு நட்பு தொடங்கியது என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் பாத்தியில் இறங்கினார்கள். ஈர மண்ணிலிருந்து வேர் பிடுங்கப்படும்போது ஒரு மெல்லிய சத்தம் வரும். முப்பது கைகள் சேர்ந்து பிடுங்கியபோது அது தூறல்போலக் கேட்டது. புழு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டார்கள்.

சேகர் அண்ணன் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பிள்ளைகள் கொண்டுவந்து போடப் போட, அவர் கைகள் தாமாகவே வேலை செய்தன. நல்லது வலப்பக்கம், ஓட்டை இடப்பக்கம். இடப்பக்கம் குவிந்துகொண்டே போனது. பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு.

மூத்தவள் தர்ஷினி ஒரு கட்டோடு வந்து நின்றாள். இடப்பக்கக் குவியலைப் பார்த்தாள்.

"அப்பா, இது நம்ம கூடை. இதுல ஏன் கழிக்கிறீங்க?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு இடப்பக்கக் குவியலை இரண்டு கைகளாலும் அள்ளி, வலப்பக்கத்தோடு சேர்த்துக் கூடையில் போட்டார். சட்டையெல்லாம் சேறு.

"எல்லாம் போகும்" என்றார் யாரிடமோ.

ஒரு பெற்றோரும் ஓட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. "நம்மதுதான் முதல்ல பறிச்சது" என்று கைப்பேசியில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அன்று குழுவில் எதுவும் எழுதவில்லை. ஒரே ஒரு படம் போட்டேன். எழுதத் தெரிந்தவளுக்கு அது எவ்வளவு கடினம் என்று வாசகர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மேரி அக்கா அன்று பட்டாணிப் பையை வெட்டவில்லை. கீரையைக் கழுவிக் கழுவி மாளவில்லை அவருக்கு. "புழுவுக்கும் சேத்து நான் லைசென்ஸ் எடுக்கணும் போல" என்று முணுமுணுத்தார். பூண்டு வாசம் வகுப்பறை வரை வந்தது.

கதை இங்கே இனிமையாக முடிந்ததாக எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் கீரையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஹரிணி கீரையைப் பிடுங்கியதில் முதல் ஆள், தள்ளியதிலும் முதல் ஆள். மீதிப் பாதி, தான் பிடுங்கிய கட்டு எது என்று தட்டில் தேடித் தேடிச் சாப்பிட்டது. பாதி என்பது எனக்குப் போதும். ஸ்ட்ராபெரிக்கு அவர்கள் இவ்வளவு செய்ததில்லை.

பாத்தியில் இப்போது இரண்டாம் முறை விதைத்திருக்கிறோம். பெற்றோர் யாரும் வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்கவில்லை.

நேற்று பண்டார் தெங்காராப் பக்கம் ஒரு முட்டைப் பண்ணைக்குப் போய்வந்தேன். சொந்தக்காரர் நல்ல மனிதர். பள்ளிக்கூடம் என்று சொன்னதுமே உள்ளே கூப்பிட்டு, குளிர்பானம் கொடுத்து, கடைக்குப் போகாத சின்ன முட்டைகளையும் கீறல் விழுந்த முட்டைகளையும் இலவசமாகவே தருகிறேன் என்றார்.

நன்றி சொன்னேன். வேண்டாம் என்றேன்.

தரம் பிரிப்பதை எத்தனை மணிக்குத் தொடங்குவீர்கள் என்று கேட்டேன். ஒன்பது மணி என்றார். பள்ளி வேனை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன்.